நாலடி உயரத்தில் ஸ்கைடைவிங்: செங்குத்துக் காற்றுச் சுரங்கம் எப்படி வேலை செய்கிறது?

கீழிருந்து வேகமாக அடிக்கும் காற்றில் ஆளை மிதக்கவிடும் உயரமான குழாய்தான் செங்குத்துக் காற்றுச் சுரங்கம். எந்த ஊரில் புதிதாக ஒன்று திறந்தாலும் அடுத்த நாள் செய்தியில் இரண்டு வரிகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, ‘புவியீர்ப்பை வெல்லலாம்’. இன்னொன்று, ‘விண்வெளி வீரரைப் போல எடையில்லாமல் மிதக்கலாம்’. இரண்டுமே தப்பு. உள்ளே மிதப்பவரின் எடை ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. அந்த எடை முழுவதையும் கீழிருந்து வரும் காற்று தாங்குகிறது, அவ்வளவுதான். விண்வெளி நிலையத்தில் இருப்பவரை எதுவும் தாங்குவதில்லை. அதனால்தான் அவருக்குத் தன் எடை தெரிவதில்லை. இங்கே நெஞ்சு, வயிறு, தொடை, உள்ளங்கை என்று எல்லா இடத்திலும் காற்று முட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் பறந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் தோள்பட்டை கடுக்கிறது என்று சொல்வது இதனால்தான். எடையில்லாதவனுக்குத் தோள் ஏன் கடுக்க வேண்டும்?

நிஜமான ஸ்கைடைவிங்கில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சுமார் 13,000 அடி உயரத்தில் விமானத்திலிருந்து குதிப்பவரின் வேகம் முதல் பத்துப் பன்னிரண்டு விநாடிகள் கூடிக்கொண்டே போகும். வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடும். அது சும்மா கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்காகும். ஒரு கட்டத்தில் அந்தத் தடை உடம்பின் எடைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முற்றுத்திசைவேகம் என்று படித்தோமே, அதுதான். வயிறு கீழே பார்க்க, கை காலை விரித்து விழுகிறவருக்கு அது மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். தலைகீழாக விழுந்தால் 250-ஐத் தாண்டும்.

இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். அசையாத காற்றில் ஒருவர் 190 கிலோமீட்டர் வேகத்தில் கீழே வருவதும், ஒரே இடத்தில் இருப்பவர் மேல் கீழிருந்து 190 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருவதும் உடம்புக்கு ஒன்றுதான். வித்தியாசம் கண்ணுக்கு மட்டும். வானத்தில் பூமி பெரிதாகிக்கொண்டே வரும். இங்கே கண்ணாடிக்கு அப்பால் யாராவது போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள். ராட்டினத்தில் கீழே இறங்கும்போது வயிற்றைப் பிசையுமே, அந்த உணர்வு இங்கே வராது. அது வேகத்தால் வருவதில்லை, வேகம் திடீரென்று மாறுவதால் வருவது.

சரி, பெரிய மின்விசிறி ஒன்றை மேல் நோக்கி வைத்தால் போதாதா? ஆரம்பகாலச் சுரங்கங்கள் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தன. கீழே விசிறி, மேலே வலை, அதற்கு மேல் திறந்த வானம். ஆள் மிதப்பார், ஆனால் குலுங்கிக்கொண்டே மிதப்பார். விசிறியின் இறக்கையைத் தாண்டி வரும் காற்று சுழன்று கலங்கிப்போய் வரும். ஒரு பக்கம் வேகமாகவும் இன்னொரு பக்கம் மந்தமாகவும் இருக்கும். காற்றுத் தூணின் விளிம்பைத் தாண்டிக் கை போனால் அந்தப் பக்கம் சரிந்து வெளியே விழ வேண்டியதுதான். சுற்றிலும் மெத்தை போட்டு வைத்திருப்பார்கள். இந்தத் துறையில் பொறியாளர்கள் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாக மெனக்கெட்டது வேகத்துக்காக அல்ல. வேகம் என்பது பெரிய மோட்டார் வாங்கினால் கிடைத்துவிடும். காற்றை மட்டமாக்குவதுதான் பாடு.

இன்றைய சுரங்கம் ஒரு மூடிய வளையம். ஐந்தாறு மாடி உயரக் கட்டடத்துக்குள் காற்று சுற்றிச் சுற்றி வரும். விசிறிகள் ஆள் பறக்கும் அறைக்குக் கீழே இல்லை; மேலே, ஒரு திருப்பத்தைத் தாண்டி இருக்கின்றன. அவை காற்றைத் தள்ளுவதற்குப் பதிலாக உறிஞ்சுகின்றன. கலங்கிய காற்று விசிறிக்கு அந்தப் பக்கம் போய்விடும். பறப்பவருக்கு வருவது, பக்கவாட்டுக் குழாய் வழியாகக் கீழே இறங்கி, திருப்பங்களில் வரிசையாக நிற்கும் வளைந்த தகடுகளால் ஒழுங்காகத் திருப்பப்பட்ட காற்று. அறைக்குச் சற்றுக் கீழே குழாய் சட்டென்று குறுகுகிறது. அகலமான இடத்தில் மெதுவாக வந்த காற்று குறுகலில் நுழையும்போது வேகமெடுக்கும். அப்படி வேகமெடுக்கும்போது அதிலிருந்த சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வுகள், மொத்த வேகத்தோடு ஒப்பிட்டால், அற்பமாகிவிடும். ஒரே வேலையில் இரண்டு லாபம்.

அறைக்கு மேலே சுவர் கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது. பார்வையாளர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் எனக்கு முழு எந்திரத்திலும் பிடித்த பகுதி இதுதான். குழாய் விரிந்தால் காற்று மந்தமாகும். ஒருவர் தவறுதலாக மேலே ஏறிப் போனால், அங்கே அவரைத் தாங்கும் அளவுக்குக் காற்றில் வேகம் இருக்காது. தானாகக் கீழே வந்துவிடுவார். கயிறு வேண்டாம், கூரை வேண்டாம், உணரி வேண்டாம். விசிறிக்குள் போய்விடுவோமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். கீழே எஃகு வடத்தால் பின்னிய வலை இருக்கிறது. மின்சாரம் போனால்? விசிறிகள் சட்டென்று நின்றுவிடாது. சுற்றிச் சுற்றித்தான் ஓயும். காற்றும் மெல்ல அடங்கும். ஆள் வலையில் வந்து படுப்பார்.

இதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சிங்கப்பூரில் செந்தோசாத் தீவின் சிலோசோ கடற்கரை அருகே 2011-இல் ஐஃபிளை சுரங்கம் திறந்தது. நம்மூர்க்காரர்கள் அதிகம் போய்வந்தது அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அதன் பறக்கும் அறையின் விட்டம் பதினாறரை அடி, அதாவது 5 மீட்டர். பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். அதில் மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் காற்று போனால், ஒவ்வொரு விநாடியும் ஆயிரம் கன மீட்டர் காற்று அந்த அறையைக் கடக்கிறது. காற்றுக்கு எடை இல்லை என்று நினைக்கிறோம். இந்தக் காற்றின் எடை ஒரு டன்னுக்கு மேல். ஒரு விநாடியில்! அதில் இருக்கும் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் ஒன்றரை மெகாவாட் வருகிறது.

வேகத்தைக் கூட்டினால் கதை இன்னும் மோசம். தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது என்றால், தேவைப்படும் திறன் மும்மடியாக ஏறும். வயிறு கீழே பார்க்கப் பறக்கும் புதியவருக்கு 180 போதும். தலைகீழாகப் பறக்கும் தேர்ந்தவருக்கு 250 வேண்டும். வேகத்தில் இது நாற்பது சதவீதம்தான் கூடுதல். திறனில் இரண்டே முக்கால் மடங்கு. ஒன்றரை மெகாவாட் நாலு மெகாவாட்டாகிவிடும். இவ்வளவையும் மின்வாரியத்திடம் வாங்கித்தான் ஓட்ட வேண்டும் என்றால் யாரும் இந்தத் தொழிலுக்கே வரமாட்டார்கள். மூடிய வளையம் காப்பாற்றுவது இங்கேதான். ஒரு முறை ஓட்டம் பிடித்த காற்று திரும்பத் திரும்ப வருவதால், சுவரிலும் திருப்பங்களிலும் பறப்பவரின் உடம்பிலும் வீணாகும் பங்கை மட்டும் விசிறி ஈடுகட்டினால் போதும்.

ஆனால் வளையத்தை மூடினால் வேறொரு வில்லங்கம் வருகிறது. மோட்டார் கொடுத்த ஆற்றல் எல்லாம் கடைசியில் எங்கே போகும்? வெப்பமாக உள்ளேயே தங்கும். குளிர்நாடுகளில் கொஞ்சம் சூடான காற்றை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே எடுத்தால் சரியாகிவிடும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வெளிக்காற்றே அனல். ஆகவே பெரிய குளிரூட்டும் அமைப்பு வேண்டும், அதற்கும் மின்சாரம் வேண்டும். போதாக்குறைக்கு, சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 10 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரியில் இருக்கும் காற்று சுமார் பத்து சதவீதம் லேசு. அதே ஆளைத் தாங்க அது இன்னும் ஐந்து சதவீதம் வேகமாக வர வேண்டும். நம் தட்பவெப்பத்தில் இப்படி ஒன்றைக் கட்டுகிறவர் விசிறிக்கு மட்டும் கணக்குப் போட்டால் கையைச் சுட்டுக்கொள்வார்.

இந்த எந்திரம் மனிதர்களுக்காகப் பிறந்ததல்ல. விமானம் கட்டுப்பாட்டை இழந்து சுழன்றுகொண்டே கீழே விழுவதை எப்படி மீட்பது என்பது 1930-களில் விமானிகளின் உயிர்ப்பிரச்சினை. அதை ஆராய அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் 20 அடி விட்டத்தில் செங்குத்துச் சுரங்கம் ஒன்றைக் கட்டி 1941-இல் ஓட்டத் தொடங்கினார்கள். பின்னாளில் அது நாசாவின் கைக்கு வந்தது. சிறிய மாதிரி விமானத்தை ஒரு ஊழியர் கையால் சுழற்றி மேலெழும் காற்றுக்குள் வீசுவார். அது சுழன்றபடி அந்தரத்தில் நிற்கும். விஞ்ஞானிகள் படம் பிடிப்பார்கள். ஒஹையோ மாநிலத்தின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்திலும் இப்படி ஒன்று இருந்தது. 1964-இல் ஜாக் டிஃபனி என்ற பாராசூட் வீரர் அதில் மிதந்தார். சுரங்கத்தில் பறந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

வியாபாரம் ஆனது அதற்குப் பிறகு. கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ழான் சேன்-ழெர்மேன் என்ற கண்டுபிடிப்பாளர் 1970-களின் கடைசியில் இதைப் பொழுதுபோக்காக்கினார். 1982-இல் அமெரிக்காவில் லாஸ் வேகாஸிலும் டென்னசியின் பிஜன் ஃபோர்ஜிலும் சுரங்கங்கள் திறந்தன. விசிறியை மேலே வைத்துக் காற்றை உறிஞ்சும் முறையில் பில் கிச்சன் என்பவர் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் 1998-இல் கட்டிய ஸ்கைவென்ச்சர்தான் இன்றைய சுரங்கங்களுக்கு முன்னோடி. அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில் அரங்கின் நடுவில் ஆட்கள் காற்றில் மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அது திறந்தவெளிச் சுரங்கம். அபுதாபியின் யாஸ் தீவில் 2019-இல் திறந்த க்ளைம்ப் மையத்தின் பறக்கும் அறை கிட்டத்தட்ட 32 அடி அகலம். செந்தோசாவைப் போல இரண்டு மடங்கு அகலம், பரப்பில் நாலு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, உள்ளே போகிறவருக்கு என்ன நடக்கும்? முதலில் ஒரு சிறு வகுப்பு. காற்றின் இரைச்சலில் பேச்சு கேட்காது, காதில் அடைப்பான் வேறு இருக்கும். அதனால் கைச்சைகைதான் மொழி. இரண்டு விரலை நீட்டிக் காட்டினால் காலை நீட்டு. இரண்டு விரலை மடக்கிக் காட்டினால் காலை மடக்கு. தாடையைத் தூக்கச் சொல்ல ஒரு சைகை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டிக் கையை ஆட்டினால், விறைக்காமல் தளர்வாக இரு என்று பொருள். முதல்முறை போகிறவர்களுக்கு அதிகம் காட்டப்படுவது இந்தக் கடைசிச் சைகையாகத்தான் இருக்கும்.

பிறகு வாசல். இங்கே எல்லோரும் ஒரே மாதிரிதான் சொதப்புவார்கள். அறைக்குள் குதிக்கப் பார்ப்பார்கள். குதிக்கக் கூடாது. வாசலில் நின்று, தாடையைத் தூக்கி, மரம் சாய்வதுபோல அப்படியே முன்னால் சாய வேண்டும். இடுப்பை முன்தள்ளி, தலையும் காலும் மேலே இருக்கும்படி உடம்பு வில்லாக வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவு இருந்தால் காற்று எல்லாப் பக்கமும் சமமாக வழிந்து ஓடும், ஆள் நிலையாக நிற்பார். பயத்தில் முழங்காலை வயிற்றுக்கு இழுத்தாலோ கீழே குனிந்து பார்த்தாலோ வளைவு தலைகீழாகிவிடும், ஆள் ஆடத் தொடங்குவார். காலைக் கொஞ்சம் நீட்டினால் முன்னால் போவார், மடக்கினால் பின்னால். ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு மீதி தானாகப் புரியும்.

கண்ணாடிக்கு வெளியே ஒரு சிறு அறையில் இன்னொருவர் விசிறியின் வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்வையாளர்கள் உள்ளே பறக்கும் பயிற்றுநரைத்தான் பார்ப்பார்கள். பாதி வேலை இவருடையது. அறுபது கிலோ அம்மா போய்விட்டு இருபது கிலோ குழந்தை வரும்போது காற்றை இறக்க வேண்டும். தொண்ணூறு கிலோ அப்பா வந்தால் ஏற்ற வேண்டும், அல்லது அவருக்குத் தொளதொளவென்ற உடை கொடுத்திருக்க வேண்டும். துணி காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

புதியவருக்குப் பெரும்பாலும் இரண்டு சுற்று கொடுப்பார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு இரண்டே நிமிடமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. விமானத்திலிருந்து குதித்தால் பாராசூட் விரியும்வரை கிடைப்பதும் சுமார் ஒரு நிமிடம்தான் என்பதை அவர்களுக்குச் சொல்லலாம். என் கணிப்பில் முதல் நிமிடம் பதற்றத்திலேயே போய்விடும். கைகால் சொன்னபடி கேட்பது இரண்டாவதில்தான். ஒரே சுற்று மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். பத்துப் பன்னிரண்டு பேரை ஒரே அரைமணி நேரத்தில் வரிசையாக உட்காரவைத்து அனுப்புவதற்கும் காரணம் உண்டு. அறை காலியாக இருந்தாலும் விசிறி தின்னும் மின்சாரம் குறையாது. ஒருவர் வெளியே வரும்போதே அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும்.

அந்த ஒரு நிமிடக் கணக்குதான் விளையாட்டையே மாற்றியது. வானத்தில் ஒரு மணி நேரம் விழ வேண்டுமென்றால் அறுபது முறை விமானம் ஏற வேண்டும், அறுபது முறை பாராசூட்டை மடிக்க வேண்டும், மழையும் மேகமும் வழிவிட வேண்டும். சுரங்கத்தில் அந்த ஒரு மணி நேரத்தை ஒரு வாரத்துக்குள் பிரித்துப் பறந்துவிடலாம். இன்னொரு நன்மையைப் பயிற்றுநர்கள் சொல்வார்கள். வானத்தில் புதியவர் ஒருவர் மெல்லப் பின்னோக்கி நழுவிக்கொண்டே இருந்தாலும் அவருக்குத் தெரியாது. சுற்றிலும் வெறும் வானம், எதை வைத்து அளப்பது? சுரங்கத்தில் இரண்டு விநாடியில் கால் கண்ணாடியில் முட்டும். தப்பு உடனே தெரிந்தால் திருத்தமும் உடனே நடக்கும்.

இதன் விளைவு ஒரு புதுத் தலைமுறை. சிங்கப்பூரின் கைரா போ 2002-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே செந்தோசாச் சுரங்கத்தில் பறக்கத் தொடங்கியவர். ஸ்பெயினின் எம்பூரியாபிராவாவில் நடக்கும் விண்ட் கேம்ஸ் என்ற காற்றுச் சுரங்கப் போட்டியில் 2017-இல் தனிநபர் வேகம், தனிநபர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் தங்கம் வாங்கினார். விமானத்திலிருந்து குதிக்க அனுமதிக்கும் வயதையே எட்டாத ஒருவர் பெரியவர்களை வென்றது சிறிய விஷயமில்லை. வானத்தின் துணை விளையாட்டாக இருந்தது தனி விளையாட்டாகிவிட்டது. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இதற்கான முதல் உலகக் கோப்பையை 2014-இல் ஆஸ்டினிலும், முதல் உலக சாம்பியன்ஷிப்பை 2015-இல் பிராகிலும் நடத்தியது. நான்கு பேர் குழு ஒன்று குறித்த நேரத்துக்குள் எத்தனை வடிவங்களைப் பிடித்துப் பிடித்து மாற்றுகிறது என்று எண்ணுவது ஒரு பிரிவு; இசைக்கு ஆடுவது இன்னொன்று. ஒலிம்பிக்கில் இன்னும் இடமில்லை.

இந்தியாவில் ஹைதராபாத்தில் கிராவிட்டிஜிப் என்ற மையம் பொதுமக்களுக்காக வந்தது. ராணுவத்துக்கு இமாச்சலப் பிரதேசத்தின் பக்லோவில் உள்ள சிறப்புப் படைப் பயிற்சிப் பள்ளியில் 2024-இல் ஒன்று திறக்கப்பட்டது. கமாண்டோ வீரர்களுக்கு இது கேளிக்கை இல்லை. முதுகிலும் இடுப்பிலும் சுமை, ஆக்சிஜன் முகமூடி, துப்பாக்கி என்று எல்லாவற்றோடும் இரவில் குதிப்பவர்கள் அவர்கள். கட்டிய சுமை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் உடம்பு பம்பரமாகச் சுற்றத் தொடங்கும். அந்தச் சாய்வைத் தரைக்கு நாலடி மேலே கண்டுபிடித்துச் சரிசெய்வது எவ்வளவோ மலிவு.

சுரங்கம் சொல்லித்தராத விஷயங்களும் இருக்கின்றன. ஸ்கைடைவிங்கில் கணிசமான விபத்துகள் பாராசூட் ஒழுங்காக விரிந்த பிறகு, தரையிறங்கும்போது நடக்கின்றன. பாராசூட்டை ஓட்டுவது, உயரமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பது, குழுவாக விழுந்தவர்கள் பாராசூட் விரிப்பதற்கு முன்னால் ஒருவரை விட்டு ஒருவர் வேகமாகப் பக்கவாட்டில் விலகிப் போவது, எதற்கும் பதினாறடிக் கூண்டில் இடமில்லை. அதனால்தான் எத்தனை மணி நேரம் சுரங்கத்தில் பறந்திருந்தாலும் அது பாராசூட் உரிமத்துக்கான குதிப்புக் கணக்கில் சேராது.

போகப் போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில. பல மையங்களில் மூன்று வயதிலிருந்தே குழந்தைகளை அனுமதிக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுமார் 115 கிலோ என்ற அளவில் எடை வரம்பு இருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லேஸ் கட்டும் ஷூ போட்டுப் போங்கள். கழுத்துச் சங்கிலி, தோடு, சட்டைப்பையில் கிடக்கும் சில்லறை எல்லாம் வெளியே. கர்ப்பிணிகளுக்கும் கழுத்து, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் அனுமதி கிடையாது. முக்கியமாக, தோள்பட்டை மூட்டு எப்போதாவது விலகியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கையை அகல விரித்து, கீழிருந்து அடிக்கும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கும் நிலைதான் அந்த மூட்டு மறுபடி நழுவுவதற்குத் தோதான நிலை. பெரும்பாலான மையங்கள் அவர்களை அனுமதிப்பதில்லை.